தங்கச்சியின் குசினியில் எழும்பிய படிக்கட்டு

முள்ளியவளையில் எங்கள் றோட்டால் போகிறவர்கள் என் வீட்டுக்கு நேரே வந்ததும் சைக்கிளை மெதுவாக்கி மேலே பார்ப்பார்கள். மேலே கண்ணாடி அடைப்பு வைத்த மொட்டை மாடி இருக்கிறது. அதில் நின்றால் வயல் முழுவதும் தெரியுமாம். "கனடாக்காரன்ர மாளிகை" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அது என் மகன் கட்டிய வீடு. அதில் இருப்பவள் நான் ஒருத்திதான்.

முன்பு இது இரண்டு வீடாக இருந்தது. ஒன்று என்னுடையது, மற்றது என் தங்கச்சியுடையது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கியபோது ஒரு பிழை நடந்தது. அதைச் செய்தது நான். மகனோ மேசனோ இல்லை. இதை எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்தேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மறிக்கப்பட்டவள் நான், எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு கிழமை போகும். போகட்டும், எனக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் அம்மா தன் சீதனக் காணியை இரண்டாகப் பிரித்து எனக்கும் தங்கச்சிக்கும் எழுதினவா. போர் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் புருசன்மார் இல்லை. என் மகன் கனடாவில் இருந்தான். அவளுடைய மகள் வவுனியாவில் கலியாணம் செய்து போய்விட்டாள். வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு வீடு கிடைத்தது. ஒரு விறாந்தை, இரண்டு அறை, ஒரு குசினி. எல்லாருக்கும் ஒரே அளவு. காணியோ நீட்டாகக் கிடந்தது. ஆனால் நாங்கள் இரண்டு வீட்டையும் நடுவில் ஆள் நடக்க நாலடி ஓடை மட்டும் விட்டு ஒட்டினதுபோலக் கட்டுவித்தோம். அளக்க வந்த பெடியன் தலையில் கைவைத்தான்.

"இவ்வளவு இடம் கிடக்குது, ஏனம்மா இப்பிடி நெருக்கிக் கட்டுறியள்?"

"சண்டை பிடிக்கக் கிட்ட இருக்க வேண்டாமோ?" என்றாள் தங்கச்சி.

என் சாமி அறை யன்னலுக்கு நேரெதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் அவளுடைய குசினி யன்னல். காலையில் நான் வற்றாப்பளை அம்மன் படத்துக்கு விளக்கு வைப்பேன். அவள் அடுப்படியில் நின்று அகப்பை பிடித்த கையோடு அங்கிருந்தே கும்பிடுவாள். அதோடு கதை தொடங்கிவிடும். மரக்கறி சமைத்த நாளில் கறிச்சட்டி யன்னலால் கைமாறும். மீன் சமைத்த நாளில் சாமி அறைக்குள்ளால் எடுக்கக் கூடாது என்பதால் அவள் முற்றத்தால் சுற்றிக்கொண்டு வாசலால் வருவாள். அவள் முற்றத்தில் நடந்து வருவதைக் கண்டாலே அன்றைக்கு அவளுக்கு நல்ல மீன் கிடைத்திருக்கிறது என்று தெரியும்.

அவளுடைய அடுப்பு மண் அடுப்பு. குளத்து மண் எடுத்துத் தானே குழைத்துப் பிடித்தது. மூன்று வாய். வெள்ளிக்கிழமைகளில் சாணம் போட்டு மெழுகுவாள். மகள் காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தாள். அதைப் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ர கையால பிடிச்ச அடுப்பு அக்கா. இதில நான் வைக்கிற சொதி வேற."

"ஓமடி, உப்பில்லாத சொதி வேறதான்" என்பேன் நான்.

"உன்ர குழம்பைத் திண்டுதான் குளத்தடிக் காகம் ஊரைவிட்டுப் போனது" என்பாள் அவள்.

இப்படித்தான் எங்கள் நாட்கள் போயின. அவை நல்ல நாட்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

மகன் ஒருநாள் போனில் முகம் காட்டிக் கதைத்தான். "அம்மா, நான் ஒரு யோசினை வைச்சிருக்கிறன். ரெண்டு வீட்டையும் ஒண்டாக்கி மேல மாடி எடுப்பம். அதுக்கு மேல மொட்டை மாடி. நாங்கள் வந்தா நிக்க ஒழுங்கான இடமில்லை. வயசு போன காலத்தில அங்க வந்துதானே இருக்கப்போறம்."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. தங்கச்சிக்கும் கீழே குளியலறையோடு ஓர் அறை என்றான். அவள் பங்கைத் தன் பெயருக்கு எழுதித் தந்தால் சாகும்வரை அவள் ராசாத்தி மாதிரி இருக்கலாம் என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊரில் எத்தனை பேர் எங்களைத் தகரக் கொட்டிலில் பார்த்தவர்கள். அவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசை எனக்கு இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

தங்கச்சி உடனே ஓம் சொல்லவில்லை. இரண்டு நாள் யன்னலுக்கு வராமல் இருந்தாள். மூன்றாம் நாள் வந்து சொன்னாள்.

"அக்கா, என்ர மகளுக்கு இந்த வீடு தேவையில்லை. உன்ர பிள்ளையும் என்ர பிள்ளைதான். எழுதித் தாறன். என்ர அடுப்பில மட்டும் ஒருதரும் கை வைக்கக் கூடாது. எனக்கு மாபிளும் வேண்டாம், மாடியும் வேண்டாம். அந்தக் குசினி அப்பிடியே கிடக்கட்டும்."

"நான் இருக்கேக்க உன்ர அடுப்பில ஆரடி கை வைப்பான்?"

"நீ சொன்னாச் சரி" என்றாள். அடுத்த கிழமை போய்க் கையெழுத்து வைத்தாள். அவள் எட்டாம் வகுப்புப் படித்தவள். கடுதாசியை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு அழகாகக் கையெழுத்து வைத்தாள். அதில் அடுப்பைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. என் வாய்ச் சொல் போதும் என்று நினைத்தாள்.

மாரி மழை முடிந்த கையோடு வேலை தொடங்கியது. மேசன் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் ஆள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வேலை சுத்தம், பேச்சுக் குறைவு. வீட்டுத்திட்டச் சுவர் மாடியைத் தாங்காது என்று சொல்லிச் சுற்றிவரத் தூண் எழுப்பினார். ஓடெல்லாம் இறக்கப்பட்டது. நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். ஆனாலும் அவள் சமைக்கத் தன் குசினிக்குத்தான் போவாள். மேலே வானம், கீழே அடுப்பு. சீமெந்துத் தூசு விழுமென்று சட்டிக்கு மேலே வாழையிலை மூடிச் சமைத்தாள்.

அந்த நேரத்தில் அவளுடைய மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க நாள் கிட்டியது. தங்கச்சி வவுனியாவுக்குப் போனாள். போகும்போது அடுப்பின் மூன்று வாயையும் ஓலைப் பெட்டியால் மூடிவிட்டுப் போனாள்.

அவள் போய்ப் பத்து நாள் இருக்கும். மேசன் ஒரு பெரிய கடுதாசியைச் சுருட்டிக்கொண்டு கொட்டிலடிக்கு வந்தார். மகன் முதலில் படியை வெளியால் வைக்கச் சொல்லியிருந்தான். பிறகு மழைக்கு நனையும் என்று மனம் மாறி, உள்ளே வைக்கச் சொல்லிவிட்டான்.

"அம்மா, படி ரெண்டு இடத்திலதான் வைக்கலாம். ஓடை மட்டும் எண்டா இடம் காணாது. ஒண்டில் உங்கட சாமி அறையை எடுக்கோணும். இல்லாட்டி அங்கால குசினியை எடுக்கோணும். தம்பி உங்களிட்டக் கேக்கச் சொல்லிட்டார். நாளைக்குக் கம்பி கட்டோணும்."

"படத்தில எப்பிடிக் கிடக்குது?"

"ரெண்டு மாதிரியும் கீறிக் கிடக்கு. இந்தாங்கோ."

கடுதாசியை வாங்கினேன். கோடுகள். கோடுகளுக்குள் கோடுகள். பக்கத்தில் இலக்கங்கள். எது சுவர், எது கதவு என்று எனக்குத் தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருத்தி எவ்வளவு நேரம் பார்ப்பாளோ அவ்வளவு நேரம் பார்த்தேன். மேசன் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இது கீழ், இது மேல், இது அதுக்கும் மேல் என்றார்.

"தெரியுது, தெரியுது" என்றேன்.

"உங்கட முறை எனக்குத் தெரியாது அம்மா. பள்ளிவாசல் எண்டா நான் சொல்லுவன். இதை நீங்கதான் சொல்லோணும்."

"சாமிக்கு மேலால ஆக்கள் கால் வைச்சு ஏறி இறங்கிறதோ? அது ஏலாது."

"அப்ப குசினியை எடுக்கட்டோ?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கால அம்மாவிட்ட ஒருக்காப் போனிலை கேளுங்கோவன்" என்றார்.

கேட்டிருக்கலாம். போன் மடியிலேயே இருந்தது. ஆனால் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "படத்தில என்ன போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லு அக்கா" என்பாள். மேசனுக்கு முன்னால் நான் என்ன வாசிப்பது?

"அவள் என்ர தங்கச்சி. நான் சொன்னா அவள் சொன்னமாதிரித்தான். குசினியை எடுங்கோ" என்றேன்.

அடுத்தநாள் காலை ஓலைப் பெட்டியை நானே எடுத்து வைத்தேன். இரண்டு அடியில் அடுப்பு உடைந்தது. மண்தானே. அந்த மண்ணை அள்ளிப் படியின் அத்திவாரக் கிடங்குக்குள் போட்டு இடித்தார்கள். அம்மனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவு முடிந்து தங்கச்சி வந்தாள். பஸ்ஸால் இறங்கிப் பையோடு நேரே குசினிக்குத்தான் போனாள். அங்கே படி பாதி ஏறி நின்றது. பலகை அடித்து முட்டுக் கொடுத்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டு. அவள் சுற்றிப் பார்த்தாள். பிறகு மேசனிடம் கேட்டாள்.

"இதில ஒரு அடுப்பு இருந்ததெல்லே?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சாமி அறையோ குசினியோ எண்டு வந்திட்டுதடி" என்றேன் நான். "சாமிக்கு மேலால எப்பிடியடி படி வைக்கிறது?"

"ஓம். அது ஏலாதுதான்" என்றாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

சாமிக்காக என்பதால் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளும் அம்மனுக்கு விரதம் இருப்பவள். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நான் சமைத்தேன், அவள் சாப்பிட்டாள். ஒரு பொம்பிளை தன் அடுப்பில்லாமல் இன்னொருத்தியின் சோற்றை மூன்று நேரமும் வாங்கிச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. கோப்பையை நீட்டுவாள். ஓர் அகப்பை போட்டதும் "காணும்" என்பாள். மீன் கறி வைத்தால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு தலை குனிந்து சாப்பிடுவாள். குளத்தடிக் காகத்தின் கதை நின்றுபோனது. ஒருநாள் நான் வேண்டுமென்றே சொதியில் உப்பே போடவில்லை. இன்றைக்காவது வாயைத் திறப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். முழுவதும் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

வீடு எழும்பியது. ஓடைக்கு மேலால் சுவர் சேர்ந்தது. என் விறாந்தையும் அவள் விறாந்தையும் ஒரே பெரிய மண்டபமாகின. தரைக்கு வெள்ளை மாபிள் பதித்தார்கள். ஈரக் காலோடு நடந்தால் வழுக்கும். அவளுக்குக் கொடுத்த அறை குளிர்ச்சியாக, கண்ணாடி யன்னலோடு நன்றாகத்தான் இருந்தது. அவள் அதில் கட்டிலின் ஒரு கரையில் படுப்பாள்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி மகன் மனுசி பிள்ளைகளோடு வந்தான். நல்ல நாள் பார்த்துக் குடிபுகுந்தோம். புதுக் குசினியில், கண்ணாடி மாதிரி மினுங்குகிற அடுப்பில் மருமகள் பால் காய்ச்சினாள். ஊரே வந்தது. தங்கச்சியின் மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு வான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாப்பாடு மேலே மொட்டை மாடியில். ஆட்கள் படியால் ஏறி ஏறிப் போனார்கள். "படி நல்ல வடிவு" என்று எல்லாரும் சொன்னார்கள்.

நான் மட்டும் கீழே சாமி அறையில் விளக்கு வைக்கப் போனேன். நெருப்புக் குச்சியைத் தட்டியபோது தலைக்கு மேலே ஒரு சத்தம். கதிரை இழுக்கிற சத்தம். பிறகு பிள்ளைகள் ஓடுகிற சத்தம். சப்பாத்துக் கால்கள், தொம் தொம் என்று, அம்மன் படத்துக்கு நேர் மேலே. நான் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைப் பூச்சுத்தான் தெரிந்தது.

வெளியே வந்தேன். மேசன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றார். தங்கச்சி செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, சாமி அறைக்கு மேல ஆக்கள் நடக்கினம். அதென்ன அது?"

"மேல அறையள், அதுக்கு மேல மாடிதானே அம்மா. முழுக்கத்தான் கொங்கிறீற் பிளாட் போட்டது."

"அப்ப என்னத்துக்குக் குசினியை உடைச்சது?"

அவர் குழம்பிப்போனார். "நீங்க சாமிக்கு மேலால படி வைக்கக்கூடாது எண்டியள். மாடியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்குப் படத்தில மேல் வீடெல்லாம் காட்டினனான். தெரியுது எண்டு சொன்னியள்."

செம்புத் தண்ணீர் நின்றுவிட்டது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அடுப்பு உடைந்தபிறகு முதல்தரமாக அந்த முகம் இளகி இருந்தது.

"அக்கா," என்றாள் மெல்ல, "உனக்கு அந்தப் படம் விளங்கேல்லையோ?"

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். மருமகள் படியில் நின்றாள். ஊர் முழுக்க என்னை மாளிகைக்காரி என்று பார்க்கிற நாள் அது.

"ஏன் விளங்காது? வடிவா விளங்கினது" என்றேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"விளங்கித்தான் சொன்னியோ?"

நான் மருமகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன். விளங்கித்தான் என்றால், சாமி என்று சொன்னது பொய்யாகிவிடும். தெரிந்துகொண்டே அவள் அடுப்பை உடைத்தவள் ஆகிவிடுவேன். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுப்பாள்?

அன்று பின்நேரம் மகளின் வான் வெளிக்கிட்டபோது அவளும் ஒரு பையோடு ஏறினாள். "பிள்ளையைப் பாக்க ஆள் இல்லை" என்று என் மகனிடம் சொன்னாள். அவன் நம்பினான். கட்டிலுக்குக் கீழே கிடந்த காஸ் அடுப்புப் பெட்டியையும் மருமகன் தூக்கி வைத்தார். நான் கேற்றடியில் நின்று வான் திரும்பும்வரை கையை ஆட்டினேன். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களே.

மூன்று கிழமையில் மகனும் போய்விட்டான். மேல் அறைகளைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தான். சாமிப் படத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அங்கே சின்னக் கோயில் மாதிரிக் கட்டலாம் என்றான். என் முழங்கால் அந்தப் படியில் ஏறாது. படத்தை இருந்த இடத்திலேயே விட்டேன். இப்போது மேலே நடக்க ஒருவரும் இல்லை. யன்னலைத் திறந்தால் எதிரே படியின் பக்கச் சுவர், ஒரு முழம் தூரத்தில்.

புரட்டாதியில் மகனிடம் போனில் கேட்டேன்.

"தம்பி, பின்வளவில ஒரு சின்னக் குசினிக் கொட்டில் போட்டுத் தாறியே? சின்னம்மாவுக்கு."

"என்னம்மா, இவ்வளவு செலவழிச்சுக் கட்டிப்போட்டுப் பின்னால ஓலைக் கொட்டிலோ? மேல நிண்டு பாக்கேக்க அதுதானே முதல் தெரியும். பெரிய குசினி சும்மா கிடக்குது, சின்னம்மாவை அதில சமைக்கச் சொல்லுங்கோ."

அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் யோசித்துவிட்டு ஒரு காலை பஸ் ஏறினேன். மாங்குளத்தில் இறங்கி மாறி, வவுனியா போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வழி முழுக்க ஒரே வசனத்தைத்தான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போனேன். அதைச் சொல்ல இவ்வளவு வயதும் போதாமல் போய்விட்டது.

தங்கச்சி பேரனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, "வா அக்கா" என்றாள். தண்ணீர் தந்தாள். நான் குடிக்கமுன்னமே சொன்னேன்.

"எனக்கு அந்தப் படம் விளங்கேல்லையடி. ஒரு கோடும் விளங்கேல்லை."

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

"தெரியும் அக்கா. அண்டைக்கு வானில வரேக்கதான் யோசிச்சன். உனக்கு எப்பிடி விளங்கும்?"

"தெரிஞ்சுகொண்டே ஏனடி திரும்பி வரேல்லை?"

"நீ அண்டைக்குச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்பம். நீ என்னைவிட அந்த ஆக்களைப் பெரிசாப் பாத்திட்டாய்." பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டு, "சரி, அதை விடு. வந்தா அங்க நான் எங்க சமைக்கிறது?" என்றாள்.

பின்வளவில் கொட்டில் கேட்டதற்கு மகன் சொன்னதை நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அது புதினமாக இருக்கவில்லை.

"இரு, சாப்பிட்டிட்டுப் போ" என்று எழும்பினாள். குசினி வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. உள்ளே மகள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, பெரியம்மா வந்திருக்கிறா. ஒரு முட்டை பொரிக்கட்டோ?"

"பொரியுங்கோ அம்மா. ரெண்டுதான் கிடக்கு. மற்றதை மூத்தவனுக்கு வையுங்கோ. எண்ணெயைக் கனக்க விடாதேங்கோ, அடுப்பெல்லாம் தெறிக்குது."

மகள் நல்ல பிள்ளை. பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. தன் குசினியில் எந்தப் பொம்பிளையும் சொல்வதைத்தான் சொன்னாள். தங்கச்சி "ஓம் பிள்ளை" என்று சொல்லி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுப்பு விடுபடும்வரை வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். அவள் கையால் மூன்று வாய் அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்ததைப் பார்த்தவள் நான்.

எனக்குப் பசி இல்லை, பஸ் போய்விடும் என்றேன். அவள் மறிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேற் மட்டும் வந்தாள்.

"இனி வாறதெண்டா முதல்நாள் சொல்லிப்போட்டு வா அக்கா," என்றாள். "இவளிட்ட முன்கூட்டிக் கேட்டுவைக்கோணும்."

ஓம் என்றேன். அதற்குப் பிறகு நான் வவுனியாவுக்குப் போகவில்லை.